நீள்பிடிக் கத்தியால் நத்தார் மரம் சீவுதல்: மட்டக்களப்பு, அம்பாறை மணற்காணிகளுக்கான முழுமையான வழிகாட்டி

தாண்டவன்வெளியிலும் தன்னாமுனையிலும் சொறிக்கல்முனையிலும் நத்தாருக்கு மரம் வைக்கும் வீடுகள் பல. அவற்றில் சில கடையில் பிளாஸ்ரிக் மரத்தை வாங்குகின்றன. மற்றவை எங்கிருந்தாவது ஒரு சவுக்குக் கிளையை வெட்டி வந்து, மணல் நிரப்பிய வாளியில் நட்டுவிடுகின்றன. அந்தக் கிளை ஒரு பக்கம் தட்டையாகவும் நடுவில் வெளித்தும் நிற்பதைப் பார்த்து, சவுக்கு இதற்குத் தோதான மரமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் கனடாவிலுள்ள உறவினர் அனுப்பும் படங்களில் அடர்ந்து நிற்கும் மரங்களும் இயல்பாக அப்படி வளர்ந்தவை அல்ல. ஒவ்வொரு பருவத்திலும் ஒருவர் கத்தியுடன் அவற்றைச் சுற்றி நடந்து, நுனிகளைச் சீவிச் சீவி அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதே வேலையை நமது மணற்காணியில் நிற்கும் சவுக்கிலும் செய்யலாம். மரம் வேறு என்பதால் காலக்கணக்கு மட்டுமே மாறும். கத்தியும் வீச்சும் அடிப்படைக் கோட்பாடும் அவையே.

சீவுவதால் மரத்தில் நடப்பது என்ன?

வளரும் தண்டின் நுனியில் உருவாகும் ஓக்சின் என்ற ஓமோன், அதற்குக் கீழேயுள்ள பக்க அரும்புகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி வெட்டப்பட்டவுடன் அந்த அடக்குமுறை தளர்கிறது. ஒரு நுனி நின்ற இடத்திலிருந்து பல தளிர்கள் புறப்படுகின்றன. கூம்பின் மேற்பரப்பு முழுவதிலும் ஒரே தடவையில் இவ்வாறு செய்தால், நீளமாக ஓடவேண்டிய வளர்ச்சி குறுகிய கிளைகளாகப் பிரிந்து அடர்த்தியாக மாறுகிறது. ஆகவே சீவுதல் என்பது மரத்தின் அளவைக் குறைக்கும் வேலை அன்று, அதன் வளர்ச்சி செல்லும் திசையை மாற்றும் வேலையாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் நத்தார் மரங்களை மிக அதிகமாக வளர்க்கும் மாநிலம் ஒரிகன். அதற்கு அடுத்தது வட கரோலினா. ஒரிகனில் டக்ளஸ் பேர், நோபிள் பேர் ஆகிய மரங்களும் (பேர் என்பது fir எனப்படும் ஊசியிலை மரவகை), வட கரோலினாவின் மலைப்பகுதியில் பிரேசர் பேர் மரமும் பெயர்பெற்றவை. அங்குள்ள நடைமுறையில் நாம் கவனிக்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. பைன் வகைகளின் தண்டில் இடையிடையே உறங்கும் அரும்புகள் இருப்பதில்லை. புதிய தளிர் இன்னும் மென்மையாக நீண்டுகொண்டிருக்கும் ஜூன் மாதம் தொடங்கி ஜூலை முற்பகுதி வரையிலான குறுகிய காலத்துக்குள் வெட்டினால் மட்டுமே வெட்டுவாயில் புதிய அரும்பு கட்டும். பேர் வகைகளின் தண்டில் கணுக்களுக்கு இடையேயும் அரும்புகள் இருப்பதால், அவற்றைக் கோடை கழிந்தும், குளிர்கால உறக்கத்திலும்கூடச் சீவலாம். அதாவது, எப்போது வெட்டுவது என்பதைத் தீர்மானிப்பது நாட்காட்டி அன்று. அந்த மரத்தில் அரும்பு எங்கே இருக்கிறது என்பதே.

சவுக்குக்கு இந்தக் கேள்வியைக் கேட்டால் விடை எளிது. சவுக்கு பைன் மரமல்ல. அது பூக்கும் தாவர வகையைச் சேர்ந்தது. ஊசி இலை என்று நாம் நினைப்பவை உண்மையில் பச்சை நிறமான மெல்லிய சிறுகிளைகள். அவற்றின் ஒவ்வொரு கணுவிலும் வட்டமாக நிற்கும் நுண்ணிய பற்கள்தான் இலைகள். நமது காலநிலையில் அதற்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. நீர் கிடைக்கும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பச்சைப் பகுதியில் வெட்டினால் தாராளமாகத் துளிர்க்கும். பச்சை முற்றாக நீங்கிப் பழுப்பேறிய தடித்த கிளையில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் பச்சையில் மட்டுமே வெட்டவேண்டும் என்ற விதியை மறக்கக்கூடாது.

எந்த மரத்தில் கத்தி வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது?

சவுக்கைத் தவிர, நுவரெலியாப் பக்கம் வேலியாக நிற்கும் சைப்பிரஸ் மரத்தையும் இவ்வாறு சீவலாம். ஆனால் கீழ்நாட்டு வெப்பமும் உவர்க்காற்றும் அதற்கு ஒத்துவருவதில்லை. பழைய மரப்பகுதியில் வெட்டினால் துளிர்க்காத குணம் அதற்கு இன்னும் கூடுதலாக உண்டு. சாடிகளில் விற்கப்படும் அரோகேரியா, அதாவது அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும் நோபோக் தீவு மரத்தில், கத்தியே படக்கூடாது. அதன் பக்கக்கிளைகளுக்கு நிமிர்ந்து தலைமைத் தண்டாக மாறும் இயல்பு இல்லை. நுனியை ஒருமுறை வெட்டிவிட்டால் அந்தச் சமச்சீர் அழகு மீளாது.

கடற்கரையில் நிற்கும் சவுக்குகளைத் தொடக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். கல்லடியிலும் ஏனைய கரையோரங்களிலும் நிற்கும் சவுக்கு வரிசைகள் காற்றையும் மணலையும் தடுப்பதற்காக உள்ளவை; 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கண்ட கரையில் அவற்றின் மதிப்பை விளக்கத் தேவையில்லை. அவை பொதுச்சொத்து என்பதுடன், இருபது அடி உயர்ந்துவிட்ட மரத்தின் கிளை எந்த நிலையிலும் நல்ல நத்தார் மரமாகப் போவதில்லை. நமக்கு வேண்டியது நாமே நட்டு, சிறுவயதிலிருந்தே சீவி வளர்த்த மரமாகும்.

நடுகையும் முதல் ஆண்டும்

எழுவான்கரையின் மணல் சவுக்குக்கு மிகப் பொருத்தமானது. படுவான்கரையின் வயலை அண்டிய களிநிலத்தில் மாரியில் நீர் தேங்கும் இடங்களைத் தவிர்க்கவேண்டும். அங்கே நடுவதாயின் மண்ணை மேடாக அணைத்து அதன்மேல் நடலாம். ஐப்பசி மழை தொடங்கியதும், முழங்கால் உயரமுள்ள நாற்றுகளை நடுவது நல்லது. மாரி முழுவதும் கிடைக்கும் நீரில் வேர் ஆழமாக இறங்கிவிட்டால், அடுத்த கோடையில் தண்ணீர் ஊற்றும் வேலை பாதியாகக் குறையும். சவுக்கின் வேர்முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைதரசனை மரத்துக்குச் சேர்த்துக்கொடுப்பதால், பழைய சவுக்கின் அடியிலிருந்து இரண்டு கைப்பிடி மண்ணை எடுத்து நடுகைக் குழியில் கலந்துவிடுவது பயனுள்ள பழக்கம். அதன்பின் யூரியா போட்டு வளர்க்கவேண்டிய தேவை இல்லை. போட்டால் தண்டு நீண்டு மெலிந்து, சீவும் வேலைதான் கூடும்.

அமெரிக்கத் தோட்டங்களில் மரத்துக்கு மரம் ஐந்து அல்லது ஆறு அடி இடைவெளி விடுகிறார்கள். நீள்பிடிக் கத்தியைப் பயன்படுத்த எண்ணும் நாம் இரண்டு மீற்றருக்குக் குறையாமல் விடவேண்டும். இடம் வீணாகிறது என்று நெருக்கி நட்டால், கத்தி வீசும்போது பின்னாலுள்ள மரத்தில் கைப்பிடி இடிக்கும்; வீச்சு பாதியில் தடைப்படும். தடைப்பட்ட வீச்சுதான் ஆபத்தான வீச்சு. ஆடு, மாடு நுழையாதபடி வேலியும் முதல் ஆண்டில் கட்டாயம். நாற்றின் அடியில் உலர்ந்த குப்பையைக் குவித்தால் கறையான் வரும் என்பதால், மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே பரப்பவேண்டும்.

முதல் ஆண்டில் நீள்பிடிக் கத்திக்கு வேலை இல்லை. கிளை வெட்டும் சிறு கத்தரி போதும். அதனால் செய்யவேண்டியது ஒன்றே: தலைமைத் தண்டு ஒன்று மட்டுமே இருக்கும்படி பார்த்துக்கொள்வது. சவுக்கு நாற்றில் நுனி முறிந்தால் இரண்டு தண்டுகள் போட்டியிட்டு எழும். அவற்றில் நேரானதையும் உறுதியானதையும் வைத்துக்கொண்டு மற்றதைப் பாதியாகக் குறைக்கவேண்டும். அடியோடு வெட்டினால் அந்தப் பக்கம் வெளித்துவிடும். தண்டு சாய்ந்தால் ஒரு கம்பை நட்டு, துணிக்கிழிசலால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டிவிடலாம். கயிற்றால் இறுக்கிக் கட்டினால் பட்டை அறுபடும்.

மரம் இடுப்பளவு உயர்ந்ததும், நிலத்திலிருந்து ஒரு சாண் முதல் ஓரடி வரையுள்ள கிளைகளைத் தண்டோடு ஒட்ட வெட்டி அகற்றவேண்டும். பிற்காலத்தில் வாளியிலோ தாங்கியிலோ பொருத்தும் பகுதி இதுவே. கத்தி வீச்சு எங்கே முடியவேண்டும் என்பதைக் கண்ணுக்குக் காட்டும் கீழ் எல்லையும் இதுவாகவே அமையும்.

கத்தி

கடையில் கிடைக்கும் வாக்கத்தி இந்த வேலைக்கு உதவாது. அது தடித்த கிளையைப் பிளப்பதற்கான கனமான கருவி. மெல்லிய பச்சைக்கிளைகளை அது வெட்டாமல் வளைத்துத் தள்ளிவிடும். தாக்கத்தியின் வளைவும் பொருந்தாது. அது இழுத்து அறுக்கும், நாமோ வீசிச் சீவவேண்டும். தேவைப்படுவது நேரான, மெல்லிய, நீண்ட அலகு. அமெரிக்கத் தொழிலாளர் பயன்படுத்தும் கத்தியின் அலகு ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் நீளமானது. கொல்லுப்பட்டறையில் சொல்லிச் செய்விப்பதாயின், அதே நீளத்தையும், நான்கு சென்ரிமீற்றர் அகலத்தையும், இரண்டு மில்லிமீற்றர் தடிப்பையும் கேட்கலாம். லொறி வில்லுத்தகடு தடிப்பானது. அதை அடித்து மெலிதாக்குவது வீண் உழைப்பு. பழைய மரவாளின் தகடு கிடைத்தால் அதுவே சிறந்தது. உருக்கு நல்லது, தடிப்பும் கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும். ஆனால் அதைச் சூடாக்காமல் வெட்டி எடுக்கவேண்டும், சூடேறினால் பதம் போய்விடும்.

கைப்பிடி 50 முதல் 60 சென்ரிமீற்றர் வரை இருக்கட்டும். முதிரையும் பாலையும் உறுதியானவையே. ஆனால் நாள் முழுவதும் வீசும் கருவிக்கு அவை கனம் கூடியவை. நார் நேராக ஓடும் இலேசான மரத்தைத் தேர்ந்து, கை பிடிக்கும் அளவுக்கு நீள்வட்டமாகச் சீவிக்கொள்ளவேண்டும். வட்டமாக இருந்தால் அலகின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கை உணராது. அடிமுனையில் ஒரு குமிழ் விட்டுச் செதுக்கினால் வியர்த்த கையிலிருந்து கத்தி நழுவாது. அலகின் வால் கைப்பிடிக்குள் குறைந்தது ஒரு சாண் நுழைந்து, இரண்டு இடங்களில் ஆணியடித்து மடக்கப்பட்டிருக்கவேண்டும். முழுக் கருவியின் நிறை அரைக் கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு நீளமான பிடி எதற்கு என்ற கேள்வி எழலாம். குட்டைப்பிடிக் கத்தியால் வேலை செய்பவர் மரத்தின் கீழ்ப்பகுதிக்கு ஒவ்வொரு முறையும் குனியவேண்டும். நூறு மரம் முடிவதற்குள் முதுகு முடிந்துவிடும். நீள்பிடியால் நிமிர்ந்து நின்றபடியே அடிவரை சீவலாம், ஏணியின்றித் தலைப்பகுதியையும் எட்டலாம். அதைவிட முக்கியமானது, இரண்டு கைகளும் பிடியிலேயே இருப்பது. ஒரு கையால் வெட்டுபவரின் மறு கை, தன்னை அறியாமல் கிளையைப் பிடிக்கப் போவதுதான் இந்த வேலையில் விரல் போகும் வழி.

தீட்டுதல்

சவுக்கின் சிறுகிளைகள் நூல் போல மெல்லியவை, வளைந்து கொடுப்பவை. மழுங்கிய கத்தி அவற்றை வெட்டாது, நசுக்கி இழுக்கும். நசுங்கிய நுனி சில நாட்களில் பழுப்பேறி, சீவிய மரம் முழுவதும் கருகியது போலத் தோன்றும். பார்ப்பவர்கள் வெயிலைக் குறை சொல்வார்கள், குற்றம் கத்தியினுடையது. கரையோரத்து மரங்களில் படிந்திருக்கும் உப்பும் மணற்றூசியும் அலகை வேகமாக மழுங்கச் செய்வதால், இங்கே அடிக்கடி தீட்டவேண்டியிருக்கும்.

முதலில் மென்மையான அரத்தால் இரு பக்கமும் சமமாக, ஏறத்தாழ இருபது பாகைச் சாய்வில் விளிம்பை எடுக்கவேண்டும். பின்னர் நீர் தெளித்த சாணைக்கல்லால், அடியிலிருந்து நுனி நோக்கி, விளிம்பில் சிறு மடிப்பும் இல்லாதவரை தேய்க்கவேண்டும். வேலைக்குப் போகும்போது சிறு கல்லொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சில மரங்களுக்கு ஒருமுறை நிறுத்தித் தீட்டுவதே சரி. மழுங்கியது தெரிந்தபின் தீட்டுவது தாமதமானது. விளிம்பைப் பெருவிரலால் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, தொங்கும் ஒரு சிறுகிளையில் மெதுவாக வீசிப் பார்க்கலாம். கிளை அசையாமல் துண்டானால் கத்தி ஆயத்தம். மாலையில் அலகை நன்னீரால் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசி, உறையிலிட்டுத் தொங்கவிடவேண்டும். உப்புக்காற்றில் ஒரே இரவில் துரு பிடிக்கும்.

உடற்காப்பு

கூம்பு வடிவத்தைக் கொஞ்சம் கற்பனை செய்துபார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது விளங்கும். மேலே குறுகி, கீழே அகன்றிருக்கும் அந்தச் சரிவைப் பின்பற்றி இறங்கும் கத்தி, இறங்க இறங்க மரத்தின் தண்டைவிட்டு விலகி, வெட்டுபவரின் காலை நோக்கியே வருகிறது. மரத்துக்கு நேர்முகமாக நின்று வீசினால் வீச்சின் கடைசிப் புள்ளி முழந்தாளுக்கும் கணுக்காலுக்கும் இடையில்தான் விழும். அமெரிக்கத் தோட்டங்களில் தொழிலாளர்கள் காலில் கவசம் கட்டியே இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

நம்மிடம் அந்தக் கவசம் கிடைக்காவிட்டால், கிரிக்கெட் மட்டையாளர் கட்டும் பழைய காற்காப்பு நன்கு உதவும். அதுவும் இல்லையெனில், தடித்த பிளாஸ்ரிக் குழாயை நீளவாக்கில் பிளந்து, உள்ளே துணி வைத்து, முழந்தாளுக்கு மேலிருந்து பாதம்வரை இரண்டு காலிலும் கட்டிக்கொள்ளலாம். செருப்புடனோ வெறுங்காலுடனோ இந்த வேலையைச் செய்யவே கூடாது. விரல்களை மூடும் தடித்த சப்பாத்து வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம், ஏனெனில் அறுந்த சிறுகிளைகள் முகத்தை நோக்கித் தெறிக்கும்.

கைநீளமும் கத்தியின் மொத்த நீளமும் சேர்ந்தால் வீச்சின் வட்டம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றரைத் தாண்டுகிறது. ஆகவே நான்கு மீற்றருக்குள் வேறொருவர் நிற்கக்கூடாது. வீட்டு முற்றத்தில் வேலை செய்யும்போது பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டுத் தொடங்கவேண்டும். ஒரு மரத்திலிருந்து மற்றதற்கு நடக்கும்போது அலகு நிலத்தை நோக்கியும் உடலுக்கு வெளிப்புறமாகவும் இருக்கவேண்டும். கத்தி கைநழுவினால் அதை எட்டிப் பிடிக்க முயலாமல் விழவிட்டுப் பின்வாங்கவேண்டும்.

சாய்வை அளந்துகொள்ளுதல்

அமெரிக்கச் சந்தையில் விரும்பப்படும் அளவு, அடியகலம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஆறடி மரம் அடியில் நான்கடி அகன்றிருக்கும். சவுக்குக்கு அவ்வளவு அகலம் வேண்டாம் என்பது என் கருத்து. அதன் சிறுகிளைகள் தொங்கும் இயல்புடையவை. அகன்ற கூம்பில் அவை கீழ்நோக்கி வழிந்து வடிவத்தைக் குலைக்கும். நமது வீடுகளின் முன்னறையில் அகன்ற மரத்துக்கு இடமும் இல்லை. உயரத்தில் பாதியளவு அடியகலம் போதும்: பச்சைப்பகுதி 180 சென்ரிமீற்றர் உயரமானால் அடியில் 90 சென்ரிமீற்றர்.

பழக்கமுள்ளவர்கள் கண்ணாலேயே சாய்வைப் பிடிப்பார்கள். பழகும்வரை ஒரு சட்டம் செய்துகொள்வது நல்லது. 100 சென்ரிமீற்றர் கம்பு ஒன்றை நிமிர்த்தி, அதன் அடியில் 25 சென்ரிமீற்றர் கம்பைச் செங்கோணமாகப் பொருத்தி, இரண்டின் முனைகளையும் 103 சென்ரிமீற்றர் கம்பினால் இணைத்தால், அந்த மூன்றாவது கம்பின் சரிவே மரத்தின் சரிவு. நிமிர்ந்த கம்பு நேராக நிற்கும்படி சட்டத்தை மரத்தருகே பிடித்துப் பார்த்தால், எங்கே புடைத்திருக்கிறது, எங்கே உள்வாங்கியிருக்கிறது என்பது உடனே தெரியும். உள்வாங்கிய இடத்துக்குச் சமமாக மற்ற இடங்களையெல்லாம் வெட்டிவிடும் ஆசையை அடக்கவேண்டும். பள்ளம் அடுத்த துளிரில் நிரம்பும்; அதுவரை அந்த இடத்தைத் தொடாமல் விடுவதே வேலை.

வீச்சு

முதற்சீவல், மரம் நெஞ்சளவு உயர்ந்ததும் தொடங்கலாம். காலையில், பனிநீர் உலர்ந்து, கடற்காற்று எழுவதற்கு முன்னரான நேரம் மிக உகந்தது. அப்போது சிறுகிளைகள் நீரேறி விறைப்பாக நிற்கும். கத்தி பட்டவுடன் துண்டாகும். பிற்பகலில் அவை வாடித் தொய்ந்திருப்பதுடன், காற்றில் அசையும் கிளையை வெட்டுவது குறி தவறும் வேலையாகிவிடும்.

மரத்தை வலப்பக்கமாக வைத்து, அதன் ஓரத்திலிருந்து ஓரடி தள்ளி நிற்கவேண்டும். இடது கை பிடியின் அடிமுனைக் குமிழையும், வலது கை அதற்கு மேலே ஒரு முழ தூரத்திலும் பற்றட்டும். இடது கால் முன்னே, வலது கால் அரையடி பின்னே. இப்படி நின்றால் கத்தியின் பாதை உடலுக்கு வலப்புறமாக, காலுக்கு வெளியே செல்லும். இடக்கைக்காரர் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளவேண்டும்.

வீச்சு மரத்தில் தொடங்குவதும் இல்லை, மரத்தில் முடிவதும் இல்லை. கத்தி மரத்தின் நுனிக்கு மேலே ஆகாயத்தில் வேகம் பெற்று, சரிவைத் தழுவியபடி இறங்கி, அடிக்கிளையைக் கடந்து, வலப்பக்கப் பின்புறத்தில் நிலத்துக்கு மேலே ஓய்கிறது. தயிரின் ஆடையை அகப்பையால் வழித்தெடுப்பதைப் போல மேற்பரப்பில் மட்டுமே அலகு ஓடவேண்டும், உள்ளே இறங்கக்கூடாது. வெட்டும் வேலையை அலகின் முன்பாதி செய்கிறது. வேகத்தைத் தருவது தோள் அன்று, மணிக்கட்டும் இடுப்பின் சிறு திருப்பமும். தோளால் வெட்டுபவர் அரைமணி நேரத்தில் களைப்பார்; களைத்தவரின் வீச்சு உள்நோக்கி வளையும்.

ஒரு வீச்சு முடிந்ததும் அரையடி முன்னே நகர்ந்து, முந்தைய வீச்சின் ஓரத்தைச் சற்றே மேவியபடி அடுத்ததை வீசவேண்டும். மரம் எப்போதும் வலப்பக்கமே இருக்க, இப்படியே ஒரு சுற்று வரவேண்டும். ஒரே வீச்சில் உச்சி முதல் அடிவரை இறங்க முடியாத உயர்ந்த மரத்தில், முதற்சுற்றில் மேற்பாதியையும் அடுத்த சுற்றில் கீழ்ப்பாதியையும் சீவலாம். மேல் முதலில், கீழ் பின்னர் என்ற வரிசையை மாற்றக்கூடாது. மேலிருந்து விழும் துண்டுகள் கீழ்ப்பகுதியில் தங்கி அதன் உண்மையான வடிவத்தை மறைக்கும். கீழிருந்து மேல்நோக்கி வீசவும் கூடாது. அப்போது கத்தியின் கடைசிப் புள்ளி முகத்துக்கு அருகே வரும். கிளையும் அறுபடாமல் கிழிபடும்.

ஒரு தடவையில் எவ்வளவு எடுப்பது? புதிய பச்சை வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை போதும். வெட்டிய பரப்பில் பழுப்புக் குச்சிகளின் முனை வெண்புள்ளிகளாகத் தெரியத் தொடங்கினால், அளவுக்கு மீறிவிட்டோம் என்று பொருள். அந்த இடத்தில் உடனே நிறுத்தவேண்டும். சுற்று முடிந்ததும் பத்தடி பின்னே சென்று, நான்கு திசையிலிருந்தும் பார்க்கவேண்டும். மரத்தருகே நின்று பார்ப்பவருக்குக் கோணல் தெரியாது.

பெருவிரல் தடிப்பை எட்டிய கிளை கத்திக்கு உரியதல்ல. அதைக் கத்தியால் ஓங்கி வெட்டினால் அலகு திரும்பும் அல்லது தெறிக்கும். அத்தகைய கிளைகளைக் குறித்துவைத்து, பின்னர் கத்தரியால் கூம்பின் மேற்பரப்புக்கு இரண்டு விரற்கடை உள்ளே வெட்டிவிடலாம்.

உச்சி

உச்சியில் கத்தி வேண்டாம், கத்தரியே போதும். வட நாட்டு மரங்களில் தலைமைத் தண்டை, கடைசிக் கிளைவட்டத்துக்கு மேல் 25 முதல் 35 சென்ரிமீற்றரில், ஓர் அரும்புக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுகிறார்கள். சவுக்குக்கு அவ்வாறு ஆண்டுக்கு ஒன்றாக அமையும் கிளைவட்டம் இல்லாததால், கூம்பின் பச்சை அடர்த்தி முடியும் இடத்திலிருந்து ஒன்றரைச் சாண் விட்டு வெட்டலாம். வெட்டிய சில வாரங்களில் பல தளிர்கள் உச்சியைப் பிடிக்கப் போட்டியிடும். நேரானதொன்றை வைத்து, மற்றவற்றை அதைவிட நான்கு விரற்கடை தாழ வெட்டவேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த சீவலுக்குள் உச்சி துடைப்பம் போல விரிந்துவிடும்.

இங்குள்ள காலக்கணக்கு

பேர் மரத்துக்கு ஆண்டுக்கு ஒரு சீவல் போதும். சவுக்குக்கு அது போதாது. மாரி கழிந்து, பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் மரம் கொழுத்து நிற்கும். ஆண்டின் முதலாவதும் பெரியதுமான சீவலுக்கு அதுவே காலம். அதன்பின் நீரூற்றும் காணிகளில் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை இலேசாகச் சீவலாம். நீர் ஊற்றாத காணியில் வாரக்கணக்கைப் பார்க்காமல், நுனிகள் ஒரு சாண் நீண்டனவா என்று பார்க்கவேண்டும்.

ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வரண்டு வீசும் நாட்களில் கடுஞ்சீவல் செய்யக்கூடாது. புதிதாகத் திறந்துவிடப்பட்ட உட்கிளைகள் அந்தக் காற்றில் கருகும். தவிர்க்க முடியாதெனில் முதல்நாள் மாலையில் நன்றாக நீரூற்றி, மறுநாள் காலையில் நுனிகளை மட்டும் தொடலாம். மழை நாட்களிலும் கத்தியை எடுக்கக்கூடாது. சவுக்கின் பட்டையைக் கொப்புளிக்கச் செய்து மரத்தையே சாகடிக்கும் பங்கசு நோய் ஒன்று உண்டு. அது காயங்களின் வழியே நுழைகிறது. நோயுற்றதாகத் தோன்றும் மரத்தைக் கடைசியாகச் சீவி, அலகை ஸ்பிரிட்டால் துடைத்த பின்னரே வேறு மரத்துக்குப் போகவேண்டும்.

நத்தாருக்கு வெட்டவிருக்கும் மரத்தின் கடைசிச் சீவல், ஐப்பசி முற்பகுதியில், பெருமழைக்கு முன்னர் முடிந்துவிடவேண்டும். அதன்பின் மாரி மழையில் எழும் மென்தளிர்கள் வெட்டுவாய்களை மூடி, கத்தி பட்ட அடையாளத்தையே மறைத்துவிடும். கார்த்திகையில் சீவிய மரம் டிசம்பர் 24 இரவில் முடிவெட்டிய தலையாகவே தெரியும். அதே மாதங்கள் புயலுக்கும் உரியவை. 1978 நவம்பர் 23 புயலை நினைவில் வைத்திருக்கும் மூத்தோர் எவரும் இந்தப் பருவத்தில் மரத்தைத் தாங்கலின்றி விடமாட்டார்கள். இரண்டு பக்கத்திலும் கம்பு நட்டுக் கட்டிவைப்பது சிறிய வேலைதான்.

குறைகளும் திருத்தமும்

ஒரு பக்கம் வெளித்திருந்தால், அதற்கு இருபுறமும் உள்ள கிளைகளின் நுனியை மட்டும் வெட்டிவிட்டு, வெளித்த பக்கத்தைச் சூரியன் படும்படி விடவேண்டும்; அயலில் நிழல் தரும் வாழையோ முருங்கையோ இருந்தால் அதைத் திருத்துவதே உண்மையான பரிகாரம். மரத்தின் இடை பெருத்துப் பீப்பாய் போலிருந்தால், வீச்சு நடுவழியில் வெளியே விலகுகிறது என்று அர்த்தம். சட்டத்தை மீண்டும் எடுத்து இரண்டு சீவலில் படிப்படியாக இறக்கலாம், ஒரே தடவையில் இறக்கினால் பழுப்புப் பகுதி வெளிப்படும். அடி குறுகி மேல் அகன்ற மரம் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் களை ஏறியதால் உண்டாவது. உள்ளே காய்ந்த சிறுகிளைகள் தேங்கியிருந்தால் கையுறையிட்ட கையால் மரத்தை உலுக்கி உதிர்த்துவிடவேண்டும். சீவிய பச்சைத் துண்டுகளை மூடாக்காகப் பரப்பலாம். உலர்ந்தபின் அவை எளிதில் தீப்பற்றும் என்பதால், கோடையில் அருகே குப்பை கொளுத்தக்கூடாது.

வெட்டி வீட்டுக்குக் கொண்டுவருதல்

நன்றாகப் பராமரித்த மரம் நட்டதிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது நத்தாருக்கு ஆறடியை எட்டி, வெட்டத் தகுதியாக இருக்கும். பேர் மரத்துக்கு அந்த உயரத்தை எட்ட ஏழு முதல் பத்து ஆண்டுகள் பிடிக்கின்றன என்பதை நினைத்தால், இங்குள்ளவர் பொறுமைக்கு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் பேர் மரத்தைப் போல வாரக்கணக்கில் பசுமையாக நிற்கும் குணம் வெட்டிய சவுக்குக்கு இல்லை. எனவே டிசம்பர் 22 அல்லது 23 காலையில் வாளால் அறுத்து, அறுத்தவுடன் அடியை நீர்வாளியில் வைத்து, நிழலில் வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும். தாங்கியிலும் நீர் இருக்கட்டும். மணல் மட்டும் நிரப்பினால் இரண்டு நாளில் உதிரத் தொடங்கும். மரத்திலோ அதன் அருகிலோ மெழுகுதிரி ஏற்றக்கூடாது. சிறு மின்குமிழ்களைக் கட்டுவதானாலும், உறங்கும் முன் அணைத்துவிடவேண்டும். பாலன் குடிலை மரத்தடியில் அமைப்பவர்கள் வைக்கோலையும் மின்கம்பியையும் ஒன்றோடொன்று படாமல் வைக்கவேண்டும்.

வெட்டிய அடிக்கட்டை பெரும்பாலும் மீண்டும் துளிர்ப்பதில்லை. ஆதலால் ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் நடாமல், காணியை மூன்றாகப் பிரித்து, ஒவ்வோர் ஐப்பசியிலும் ஒரு பங்கை நட்டுவந்தால், மூன்றாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு நத்தாருக்கும் வெட்டத் தகுந்த மரங்கள் ஒரு பங்கும், சீவும் வயதில் ஒரு பங்கும், கத்தரியோடு நிற்கும் நாற்றுகள் ஒரு பங்கும் கையிலிருக்கும். பழைய கட்டையைத் தோண்டி எடுக்கவேண்டியதில்லை. அதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் புதிய குழியை வெட்டி, வேர்முடிச்சுள்ள அதே மண்ணைக் கலந்து நடலாம்.